அடிக்கடி கிராஷ் ஆகும் கம்ப்யூட்டர்: எந்தப் பாகம் காரணம் என்று கண்டுபிடிப்பது எப்படி?

கம்ப்யூட்டர் அடிக்கடி நின்றுபோகிறது என்று வருபவர்களில் பாதிப் பேர் தீர்ப்பையும் கையோடு கொண்டுவருகிறார்கள். "ரேம் போச்சாம்", "எஸ்எம்பிஎஸ் மாத்தணுமாம்". எதை வைத்து அப்படிச் சொன்னார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது. ரேமை மாற்றி, எஸ்எம்பிஎஸ்ஸை (கம்ப்யூட்டருக்கு மின்சாரம் தரும் பெட்டி) மாற்றி, கடைசியில் மதர்போர்டையும் மாற்றிய பிறகும் கிராஷ் தொடரும். திரும்பத் திரும்பக் கேட்கப்படும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். விண்டோஸ் 10, 11 போட்ட, அசெம்பிள் செய்த டெஸ்க்டாப்பை மனதில் வைத்து எழுதியது. லேப்டாப்புக்கும் ரேம், எஸ்எஸ்டி, சூடு பற்றிய பகுதிகள் பொருந்தும்.

கிராஷ்னா கிராஷ்தானே? அதுல என்ன வகை இருக்கு?

இருக்கிறது. முதல் துப்பே அதுதான். பிளக்கைப் பிடுங்கினாற்போல் சட்டென்று அணைந்தாலோ, எந்த அறிவிப்பும் இல்லாமல் ரீஸ்டார்ட் ஆனாலோ மின்சாரம், எஸ்எம்பிஎஸ், அதிகச் சூடு ஆகிய மூன்றையும் முதலில் பாருங்கள். நீலத்திரை (புதிய விண்டோஸ் 11இல் எழுத்துகளோடு கறுப்புத் திரை) வந்து நின்றால் விண்டோஸ் ஒரு தவறைக் கண்டுபிடித்துத் தானே நிறுத்தியிருக்கிறது என்று பொருள். ரேம், டிரைவர் (ஒரு பாகத்தை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்), எஸ்எஸ்டி, பிராசசர் என எதுவாகவும் இருக்கலாம், ஆனால் எண் ஒன்று கிடைக்கும். படம் அப்படியே உறைந்து, ஸ்பீக்கரில் ஒரே ஒலி இழுபட்டால் அது ஹேங். திரை மட்டும் கறுத்துப்போய், பாட்டு ஓடிக்கொண்டிருந்தால் கிராபிக்ஸ் கார்டு அல்லது அதன் கேபிள்.

ஒரு நோட்டில் மூன்று விஷயம் எழுதிவையுங்கள்: நேரம், அப்போது என்ன ஓடிக்கொண்டிருந்தது, எந்த வகைக் கிராஷ். ஐந்தாறு முறை எழுதினால் போதும், பாதி வேலை முடிந்துவிடும். ஒரே ஒரு மென்பொருள் மட்டும் மூடிக்கொள்கிறது, மற்றதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால் முதலில் அந்த மென்பொருளைச் சந்தேகியுங்கள்.

ஈவென்ட் வியூவர்ல "கெர்னல் பவர் 41"னு சிவப்பா காட்டுது. "பவர்"னு போட்டிருக்கே, அப்போ எஸ்எம்பிஎஸ்தானே போயிருக்கு?

இல்லை. ஈவென்ட் வியூவர் என்பது விண்டோஸ் எழுதிவைக்கும் நாட்குறிப்பு; அதில் இந்தப் பெயரைப் பார்த்து மாற்றப்பட்ட நல்ல எஸ்எம்பிஎஸ்களுக்குக் கணக்கே இல்லை. "போன முறை முறைப்படி ஷட்டவுன் ஆகவில்லை" என்று அடுத்த முறை ஆன் ஆகும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் குறிப்பு அது. நீங்களே பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்தாலும் அதே 41 வரும்.

பயன்படும் தகவல் அதற்குள் இருக்கிறது. 'டீடெய்ல்ஸ்' தாவலைத் திறந்து 'பக்செக் கோட்' என்ற வரியைப் பாருங்கள். 0 என்று இருந்தால் விண்டோஸ் எதையும் எழுத நேரமில்லாமல் நின்றிருக்கிறது: மின்சாரம் துண்டானது, சூட்டில் அணைந்தது அல்லது முழுமையாக உறைந்துபோனது. வேறு எண் இருந்தால் நீலத்திரை வந்திருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை. அந்த எண் பதின்ம முறையில் இருக்கும். நீலத்திரை எண்களோ பதினாறடி முறையில் எழுதப்படுபவை. எனவே கால்குலேட்டரை 'புரோகிராமர்' முறைக்கு மாற்றித்தான் ஒப்பிட வேண்டும். 292 என்றால் 124, 278 என்றால் 116, 26 என்றால் 1ஏ.

புளூ ஸ்கிரீன் ஒரு நொடி வந்துட்டு ரீஸ்டார்ட் ஆயிடுது. படிக்கவே முடியல.

சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் 'அட்வான்ஸ்டு' தாவல், அதில் 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி', அதற்குள் 'ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை திரை நின்றுகொண்டிருக்கும், போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். விண்டோஸ் ஃபோல்டருக்குள் 'மினிடம்ப்' ஃபோல்டரில் கிராஷ் விவரக் கோப்புகள் (டம்ப்) சேர்கின்றனவா என்றும் பாருங்கள். அவற்றை 'புளூஸ்கிரீன்வியூ' போன்ற இலவச மென்பொருளில் திறந்து படிக்கலாம்.

சில எண்கள் நேராகவே கை காட்டும். 124 என்றால் பிராசசரோ மதர்போர்டோ ஒரு ஹார்டுவேர் தவறைப் புகார் செய்திருக்கிறது. 116 என்றால் கிராபிக்ஸ் பக்கம். 7ஏ என்றால் டிஸ்க்கிலிருந்து ஒரு பகுதியைப் படிக்க முடியவில்லை. 1ஏ, 50 இரண்டும் ரேமாக இருக்கலாம், மோசமான டிரைவராகவும் இருக்கலாம். புளூஸ்கிரீன்வியூ ஒரு டிரைவர் கோப்பைக் காட்டினால் உடனே அதைக் குற்றவாளியாக்காதீர்கள். விபத்து நடந்த இடத்தில் நின்றவர் அவர், அவ்வளவுதான். எல்லா டம்ப்பிலும் ஒரே பெயர் வந்தால் டிரைவரைச் சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு எண், வெவ்வேறு கோப்பு என்று வந்தால், அதுதான் பழுதான ரேமின் கையெழுத்து.

எதையாவது கழற்றுறதுக்கு முன்னாடி முதல்ல என்ன செய்யணும்?

முக்கியமான கோப்புகளை வெளி டிஸ்க்குக்கு நகலெடுங்கள். எஸ்எஸ்டி காரணமாக இருந்தால் நாளை வாய்ப்பு கிடைக்காது. பிறகு பயாஸுக்கு (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குத் திருப்புங்கள். எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு), ஓவர்கிளாக் (பாகத்தை இயல்பு வேகத்துக்கு மேல் ஓட்டுவது), 'கேம் பூஸ்ட்' வகையறா எல்லாம் அணைய வேண்டும். எக்ஸ்எம்பியும் ஓவர்கிளாக்தான், பெட்டியில் அச்சிட்டு விற்பதால் யாருக்கும் அப்படித் தோன்றுவதில்லை. கிராஷ் இதோடு நின்றுவிட்டால் பாகம் எதையும் வாங்கத் தேவையில்லை.

இன்னொரு விதி: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ரேமைக் கழற்றிப் போட்டு, டிரைவரையும் புதுப்பித்து, பிராசசருக்கும் கூலருக்கும் நடுவே புது பேஸ்டும் தடவினால், கிராஷ் நின்றாலும் எதனால் நின்றது என்று தெரியாது. மறுபடி வந்தால் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

விண்டோஸை ஃபார்மட் பண்ணி புதுசா போட்டா சரியாயிடாதா?

மென்பொருள் காரணமென்றால் சரியாகும். அதை அறிய ஃபார்மட் தேவையில்லை. உபுண்டுவை ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்ஸ்டால் செய்யாமல் 'டிரை' முறையில் கிராஷ் வழக்கமாக வரும் நேரத்தைவிட அதிகமாக ஓடவிடுங்கள். அதிலும் நின்றுபோனால் விண்டோஸ் நிரபராதி. அதில் நிற்கவில்லை என்றால் விண்டோஸ், டிரைவர் அல்லது எஸ்எஸ்டி, ஏனென்றால் பென் டிரைவில் ஓடும்போது எஸ்எஸ்டிக்கு வேலையே இல்லை. பழுதான ரேமை வைத்துக்கொண்டு விண்டோஸ் போட்டால் இன்ஸ்டால் ஆகும்போதே கோப்புகள் சிதையலாம்.

ரேம் டெஸ்ட் எப்படி பண்றது? விண்டோஸ்லயே இருக்கிறது போதாதா?

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் தவறு காட்டினால் நம்பலாம், காட்டாவிட்டால் நம்ப முடியாது. அதை ஓட்டுவதானால் திரை வந்ததும் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' தேர்ந்தெடுங்கள். வழக்கமான முறை மேலோட்டமானது.

மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ் மேல். இரண்டும் வேறு வேறு. முதலாவதன் இலவசப் பதிப்பு 4 சுற்றோடு நிற்கும். பிளஸ் முழுக்க இலவசம், நிறுத்தும்வரை ஓடும். பென் டிரைவில் எழுதி அதிலிருந்து பூட் செய்ய வேண்டும், துவங்க மறுத்தால் பயாஸில் செக்யூர் பூட்டை அணையுங்கள். மாலையில் ஓடவிட்டுக் காலையில் பாருங்கள். 10 நிமிடம் ஓட்டிவிட்டு "ரேம் ஓகே" என்று சொல்லும் கடைக்காரரை நம்பாதீர்கள். சில தவறுகள் ரேம் நன்றாகச் சூடான பிறகு, மூன்றாம் நான்காம் சுற்றில்தான் தலைகாட்டும்.

ராத்திரி முழுக்க ஓட்டினதுல 3 எரர்தான் வந்துச்சு. 3 தானே, பரவாயில்லையா?

ஒன்றே அதிகம். சரியான எண்ணிக்கை 0 மட்டுமே. ஒரு சின்ன விலக்கு: மெம்டெஸ்ட்86இல் 13ஆம் சோதனையான 'ஹாமர் டெஸ்ட்'டில் மட்டும் தவறு வந்து மற்றவை சுத்தமாக இருந்தால் அன்றாடக் கிராஷுக்கு அது காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு.

தவறு வந்ததும் ரேமைத் தூக்கி எறிய வேண்டாம். இரண்டு குச்சி இருந்தால் ஒன்றைக் கழற்றி, மற்றதை பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுச் சோதியுங்கள். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்த குச்சி. ஒன்று தவறு காட்டி மற்றது காட்டாவிட்டால் ரேம்தான். இரண்டும் காட்டினால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். தவறு ஸ்லாட்டோடு ஒட்டிக்கொண்டால் மதர்போர்டு, அல்லது பிராசசர் சாக்கெட்டில் வளைந்த ஒரு ஊசி. தனித்தனியே இரண்டும் சுத்தம், சேர்த்தால் மட்டும் தவறு என்றால் வேகம் அல்லது பொருத்தம்தான் பிரச்சினை. வெவ்வேறு சமயத்தில் வாங்கிய குச்சிகளிலும், நான்கு ஸ்லாட்டையும் நிரப்பிய, டிடிஆர்5 வகை ரேம் போடும் போர்டுகளிலும் இது சகஜம். வேகத்தை ஒரு படி குறைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

ரேமை ரப்பர் வெச்சு தேய்ச்சா சரியாயிடும்ங்கிறாங்களே?

சில சமயம் சரியாகிறது. கழற்றி மாட்டியதில் தொடர்பு சீரானதே பல முறை காரணம், ரப்பருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. கடற்கரை ஊர்களில் முனைகளில் படலம் படிவது உண்மைதான். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில்லாத துணியில் நனைத்துத் துடைப்பது நல்லது. ரப்பர்தான் கையில் இருக்கிறது என்றால் வெள்ளை ரப்பரால் மெதுவாக, துகளை ஊதாமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டு மாட்டுங்கள். மணல் கலந்த மை ரப்பர் தங்கப் பூச்சையே சுரண்டிவிடும்.

கேம் விளையாடும்போது மட்டும்தான் ஆஃப் ஆகுது. எஸ்எம்பிஎஸ்ஸா, கிராபிக்ஸ் கார்டா?

பிரித்துப் பாருங்கள். முதலில் பிரைம்95 என்ற சோதனை மென்பொருளில் 'ஸ்மால் எஃப்எஃப்டி' மட்டும் 20 நிமிடம்: பிராசசருக்கு முழுச் சுமை, கிராபிக்ஸ் கார்டு சும்மா. அடுத்து ஃபர்மார்க் என்ற மென்பொருள் மட்டும் 20 நிமிடம்: கார்டுக்கு முழுச் சுமை. தனித்தனியே தாங்கி, இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது சட்டென்று அணைந்தால் சந்தேகம் எஸ்எம்பிஎஸ் மேல். ஃபர்மார்க்கில் மட்டும் புள்ளி, கோடு, பூச்சி பறப்பதுபோல் திரையில் வந்தால் கார்டின் மெமரி. கேபினெட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ் என்றால் சேர்ந்த சோதனையைக் கண்ணெதிரே வைத்து ஓட்டுங்கள். கருகல் வாசம் வந்தால் சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

கார்டுக்கு இரண்டு 8 பின் இணைப்பு இருந்தால் ஒரே கேபிளின் இரட்டை வாலைச் செருகாமல், எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனித்தனிக் கேபிள் கொடுங்கள். கிராபிக்ஸ் கார்டைக் கட்டுப்படுத்தும் ஆஃப்டர்பர்னர் மென்பொருளில் 'பவர் லிமிட்'டை 70 சதவீதமாகக் குறைத்து விளையாடிப் பார்ப்பதும் நல்ல சோதனை. அப்போது கிராஷ் நின்றால் மின்சாரமோ சூடோ காரணம். எது என்பதைச் சூட்டு அளவு சொல்லும். ஈவென்ட் வியூவரில் 4101 வந்தால் டிஸ்பிளே டிரைவர் பதில் சொல்லாமல் விண்டோஸ் அதை மீட்டெடுத்திருக்கிறது. சேஃப் மோடில் டிடியு மென்பொருளால் பழைய டிரைவரைச் சுத்தமாக நீக்கிப் புதிதாகப் போட்ட பிறகும் வந்தால்தான் கார்டைக் குறை சொல்ல வேண்டும்.

எஸ்எம்பிஎஸ்ல பச்சை வயரையும் கறுப்பு வயரையும் ஷார்ட் பண்ணேன், ஃபேன் சுத்துது. அப்போ நல்லாத்தானே இருக்கு?

உயிரோடு இருக்கிறது, அவ்வளவுதான். சும்மா ஓடும்போது எல்லா எஸ்எம்பிஎஸ்ஸும் நல்லவைதான். சுமை ஏறும்போது அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, பழைய நான்கு பின் மோலக்ஸ் முனையில் கறுப்பு, மஞ்சள் வயர்களில் பிடியுங்கள். முன்சொன்ன சேர்ந்த சோதனை ஓடும்போது 11.4 முதல் 12.6 வரை இருக்கலாம். சிவப்பு வயரில் 4.75 முதல் 5.25. தரக்குறிப்பு அனுமதிப்பது 5 சதவீதம் ஏற்ற இறக்கம். மென்பொருள் காட்டும் வோல்ட் அளவுகளை நம்பாதீர்கள், சில போர்டுகளில் 12 வோல்ட் 8 என்றுகூடக் காட்டும். அது உண்மையானால் கம்ப்யூட்டர் ஓடவே ஓடாது.

மல்டிமீட்டரில் சரியாக இருந்தும் குற்றவாளியாக இருக்கலாம். மில்லிசெகண்டில் விழுந்து எழும் அளவையும், நேர்மின்னோட்டத்தின் மேல் ஏறும் அலைவையும் மீட்டர் காட்டாது, அதற்கு ஆசிலோஸ்கோப் வேண்டும். வீட்டில் செய்யக்கூடிய சரியான சோதனை, நண்பரிடமிருந்து நல்ல எஸ்எம்பிஎஸ் ஒன்றை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போடுவது. மாடுலர் வகை என்றால் அதன் கேபிள்களையும் சேர்த்தே வாங்குங்கள். ஒரு கம்பெனி கேபிளை இன்னொன்றில் செருகினால் பின் வரிசை மாறி டிஸ்க், போர்டு எல்லாம் எரிந்துபோகும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கை எடுத்த பிறகும் உள்ளே உள்ள பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

யுபிஎஸ் போட்டிருக்கேன். ஆனாலும் கரண்ட் போகும்போது ரீஸ்டார்ட் ஆகுதே?

மூன்று காரணம் பார்க்கலாம். 600 விஏ என்று போட்ட யுபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்தான் தரும். கேம் ஓடும் கம்ப்யூட்டரும் மானிட்டரும் அதைத் தாண்டிவிடும். இரண்டாவது, பேட்டரி. இரண்டு மூன்று வருடத்தில் வலுவிழந்துவிடும், பச்சை விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருக்கும். மூன்றாவது, எஸ்எம்பிஎஸ்ஸின் தாங்கும் நேரம். மின்சாரம் விட்டுப்போனால் 16, 17 மில்லிசெகண்ட் தாக்குப்பிடிக்க வேண்டும் என்று ஏடிஎக்ஸ் தரக்குறிப்பு கேட்கிறது, மலிவு எஸ்எம்பிஎஸ்ஸில் அது இருக்காது. வீட்டு இன்வெர்ட்டரில் ஓட்டுபவர்கள் பின்னால் உள்ள சுவிட்சைப் பாருங்கள். 'யுபிஎஸ்' நிலையில் இல்லாவிட்டால் மாறும் நேரம் அதிகம், கம்ப்யூட்டர் தாங்காது.

கரண்ட் போகாமலே, பக்கத்தில் ஃபிரிட்ஜோ மோட்டாரோ ஆன் ஆகும் நேரத்தில் கிராஷ் ஆகிறதா என்று நோட்டைப் புரட்டிப் பாருங்கள். ஆமென்றால் கம்ப்யூட்டரை வேறு அறையின் பிளக்கில் மாட்டி இரண்டு நாள் ஓட்டுங்கள். செலவில்லாத சோதனை.

சூடுதான் காரணம்னு எப்படி கண்டுபிடிக்கிறது? ஆஃப் ஆனபிறகு பார்த்தா 45 டிகிரிதான் காட்டுது.

ஆஃப் ஆனபிறகு பார்த்தால் அப்படித்தான் காட்டும். எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் 'லாகிங்' வசதி இருக்கிறது. சென்சார் அளவுகளை இரண்டு நொடிக்கு ஒருமுறை கோப்பில் எழுதவிடுங்கள். கிராஷுக்குப் பிறகு அந்தக் கோப்பின் கடைசி வரியைப் பாருங்கள். இன்டெல் பிராசசர்கள் பலவற்றின் எல்லை 100 டிகிரி. ரைசன் 7000 வரிசை சுமையில் 95 வரை போவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது. எல்லையைத் தொட்டதும் முதலில் வேகம்தான் குறையும், அதையும் மீறினால்தான் சட்டென்று அணையும். அதனால் 85 டிகிரியைப் பார்த்து "இதுதான் கிராஷுக்குக் காரணம்" என்று சொல்ல முடியாது.

பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை உள்ளே காற்றடிக்க வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். கிராஷ் குறைந்தால் சூடு உறுதி. பிராசசர் அளவு நன்றாக இருந்தும் இப்படிக் குறைந்தால், சென்சார் இல்லாத இடம் ஏதோ கொதிக்கிறது: பெரும்பாலும் பிராசசருக்குப் பக்கத்தில் உள்ள மின்சீரமைப்புப் பகுதி. இன்டெல் பெட்டியோடு வரும் கூலரில் நான்கு பிளாஸ்டிக் ஊசிகளில் ஒன்று கழன்றிருப்பது மிகவும் சாதாரணம். பேஸ்ட் தடவும் முன் அதை அழுத்திப் பாருங்கள்.

மவுஸ் நகருது, ஆனா எதை கிளிக் பண்ணாலும் ஹேங். ரெண்டு நிமிஷத்துல நீலத்திரை. இதுவும் ரேமா?

டிஸ்க்காக இருக்கவே வாய்ப்பு அதிகம். டிஸ்க்கின் உடல்நலம் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். சாட்டா (டேட்டா கேபிளில் இணையும் வகை) டிஸ்க்கில் 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிகளில் எண் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகிறது. சி7 மட்டும் ஏறினால் டிஸ்க்கில் குறையில்லை, டேட்டா கேபிளை மாற்றுங்கள். என்விஎம்இ (மதர்போர்டிலேயே செருகும் எஸ்எஸ்டி) வகையில் 'மீடியா அண்ட் டேட்டா இன்டெக்ரிட்டி எரர்ஸ்' 0 ஆக இருக்க வேண்டும்.

எல்லாம் 'குட்' என்று காட்டியும் எஸ்எஸ்டி காரணமாகலாம். கிராஷ் ஆனபின் பயாஸில் எஸ்எஸ்டி காணாமல்போய், பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் திரும்ப வருகிறதென்றால் அதன் கன்ட்ரோலர் உறைந்துபோகிறது. இந்த வகையில் மினிடம்ப்பும் சேராது. எழுதவேண்டிய டிஸ்க்கே இல்லையே! ஸ்க்ரூவை இறுக்குங்கள், ஃபர்ம்வேரைப் புதுப்பியுங்கள், வேறு ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள்.

பிராசசர் கெட்டுப்போகவே போகாதுன்னு சொல்றாங்க, உண்மையா?

அரிது, ஆனால் விதிவிலக்கு ஒன்று இருக்கிறது. இன்டெலின் 13, 14ஆம் தலைமுறை டெஸ்க்டாப் பிராசசர்களில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ளவற்றில், தேவைக்கு மேல் வோல்ட்டேஜ் கேட்டதால் நாளடைவில் சிப்பே தேயும் கோளாறை 2024இல் அந்நிறுவனம் ஒப்புக்கொண்டது. மைக்ரோகோட் (பிராசசருக்குள் ஓடும் கட்டளைகள்) திருத்தங்களை வெளியிட்டு, பாக்ஸ் பிராசசர்களின் வாரண்டியையும் இரண்டு ஆண்டு நீட்டித்தது. புதிய பயாஸ் போட்டால் இனிமேல் தேயாமல் தடுக்கலாம், ஏற்கெனவே தேய்ந்தது திரும்பாது. கார்டில் நினைவகம் நிறைய இருந்தும் கேம் தொடங்கும்போது "வீடியோ மெமரி போதவில்லை" என்று வருவது இதன் பெயர்போன அறிகுறி. இதைப் பார்த்துக் கிராபிக்ஸ் கார்டை மாற்றியவர்கள் உண்டு.

மற்ற பிராசசர்களுக்கு: ஈவென்ட் வியூவரில் 'வீயா லாகர்' 18 (ஹார்டுவேர் தவறுப் பதிவு) என்று வந்து, ஒவ்வொரு முறையும் ஒரே கோர் எண்ணைக் காட்டினால் சந்தேகிக்கலாம்.

வேலை செய்யும்போது ஒண்ணும் ஆகலை. சும்மா விட்டுட்டு டீ குடிச்சிட்டு வந்தா ரீஸ்டார்ட் ஆகியிருக்கு. இது என்ன கூத்து?

சுமைச் சோதனை எதிலும் இது சிக்காது, ஏனென்றால் பிரச்சினையே சுமை இல்லாததுதான். ஓய்வில் பிராசசர் மிகக் குறைந்த மின்சாரத்துக்கு இறங்கும். அவ்வளவு குறைந்த தேவையில் சில பழைய எஸ்எம்பிஎஸ்கள் நிலைதடுமாறும். ரைசன் போர்டுகளின் பயாஸில் 'பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்' என்பதை 'டிபிகல் கரண்ட் ஐடில்' ஆக்குங்கள். அதிலும் நிற்காவிட்டால் 'சி ஸ்டேட்'களை (பிராசசரின் ஓய்வு நிலைகள்) அணைத்துப் பாருங்கள். பிராசசரை 'அண்டர்வோல்ட்' செய்திருந்தால் (வோல்ட்டேஜைக் குறைத்திருந்தால்) முதலில் அதை நீக்குங்கள். முழுச் சுமையில் தாங்கும் அந்த அமைப்பு ஓய்வில்தான் காலை வாரும்.

எல்லா டெஸ்ட்டும் பாஸ். ஆனா கிராஷ் நிக்கலை. அப்போ மதர்போர்டா?

மதர்போர்டுக்கென்று தனிச் சோதனை கிடையாது. மற்றவற்றைக் கழித்துக் கழித்து வந்து நிற்கும் இடம் அது. அதற்கு முன் இரண்டு ரூபாய் சமாசாரங்கள் சில உண்டு. கேபினெட்டின் ரீசெட் பட்டன் உள்ளே சிக்கியிருந்தால் தானாக ரீஸ்டார்ட் ஆகும். முன்பக்க பவர், ரீசெட் வயர்களைப் போர்டிலிருந்து பிடுங்கிவிட்டு, பவர் பின்கள் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஒரு கணம் தொட்டு ஆன் செய்து ஓட்டுங்கள். முன்பக்க யுஎஸ்பி வயரையும் கழற்றுங்கள், உள்ளே நசுங்கிய யுஎஸ்பி முனை ஷார்ட் ஆவது அரிதல்ல.

அடுத்து போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப்பெட்டியின் மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம், எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ் மட்டும் மாட்டி ஓட்டுங்கள். பிராசசரில் கிராபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். வெளியே ஓடி உள்ளே கிராஷ் ஆனால், போர்டுக்கு அடியில் தப்பான இடத்தில் பித்தளைத் தாங்கி ஒன்று நிற்கலாம். வெளியேயும் கிராஷ் ஆனால், முன்சொன்னபடி எஸ்எம்பிஎஸ்ஸையும் ரேமையும் இரவலில் மாற்றிப் பாருங்கள். அதற்கும் நிற்காவிட்டால் போர்டு அல்லது பிராசசர், கடையில் கொடுத்து இரண்டில் ஒன்றை மாற்றிச் சோதிக்கச் சொல்ல வேண்டியதுதான். நோட்டையும் நீலத்திரைப் படங்களையும் மெம்டெஸ்ட் முடிவையும் கூடவே கொடுங்கள். "நல்லாத்தான் ஓடுது" என்று திருப்பி அனுப்ப முடியாது.

ஒரு பாகத்தை மாத்திட்டேன். எத்தனை நாள் கிராஷ் ஆகாம இருந்தா சரியாயிடுச்சுன்னு நம்பலாம்?

முன்பு சராசரியாக எத்தனை நாளுக்கு ஒருமுறை கிராஷ் ஆனது என்று நோட்டில் பாருங்கள். அதுபோல் மூன்று மடங்கு நாள் கழிய வேண்டும். நான்கு நாளுக்கு ஒருமுறை வந்த கிராஷ் ஒன்றுமே சரிசெய்யாமல் 12 நாள் தானாக வராமல் இருக்க வாய்ப்பு ஏறத்தாழ 5 சதவீதம்தான். மூன்று நாள் ஓடியதும் பழைய பாகத்தைப் பழைய சாமான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். அந்த 12 நாளும் முன்பு போலவே பயன்படுத்துங்கள். கேமில் வந்த கிராஷுக்குக் கேம் விளையாடாமல் நாள் எண்ணினால் கணக்கு செல்லாது. கெடு முடிந்த பிறகு, தொடக்கத்தில் அணைத்துவைத்த எக்ஸ்எம்பியைத் திரும்பப் போட்டு, ஒரு இரவு மெம்டெஸ்ட் ஓட்டிவிடுங்கள்.